கைக்குக் கிடைத்த குரங்கு

எய்ட்ஸ் தடுப்பூசி பற்றிய அமெரிக்க ஆய்வறிக்கைகளில் 'செய்முறை' என்ற பகுதியை யாரும் ரசித்துப் படிப்பதில்லை. ஆனால் அங்கேதான் ஒரு சொற்றொடர் திரும்பத் திரும்ப வருகிறது: 'இந்திய வம்சாவளி ரீசஸ் குரங்குகள்'. அந்தக் குரங்குகள் இந்தியாவைப் பார்த்ததே கிடையாது. டேவிஸிலோ அட்லாண்டாவிலோ கூண்டில் பிறந்தவை. அவற்றின் தாயும் பாட்டியும்கூட அங்கேயே பிறந்திருக்கும். இந்தியா 1978லேயே குரங்கு ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இருந்தும் அந்த அடைமொழி போகவில்லை. காரணம், சீன வம்சாவளி ரீசஸ் உடம்பில் அதே வைரஸைச் செலுத்தினால் நோய் மெதுவாக, தணிந்து வருகிறது. ஆக, 'குரங்கில் எய்ட்ஸ் இப்படித்தான் நடக்கிறது' என்று நாம் படிப்பதில் பெரும்பகுதி, ஒரு குறிப்பிட்ட நாட்டிலிருந்து ஒரு குறிப்பிட்ட காலத்தில் சரக்காகப் போன குரங்குகளின் வாரிசுகளில் நடந்தது.

'மாதிரி' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கணும். 'அவனை மாதிரி இவன்' என்றால் ஒப்புமை. 'மாதிரிப் பள்ளி' என்றால் மற்ற பள்ளிகள் பின்பற்ற வேண்டிய அளவுகோல். ஆய்வுக்கூட விலங்கு முதல் அர்த்தத்தில் உள்ளே நுழைந்து, இரண்டாம் அர்த்தத்தில் சட்டமாக உட்கார்ந்துகொள்கிறது. மனித நோயை ஒத்திருக்கிறது என்று கொண்டுவந்த விலங்கின் நோய், மனித நோய் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்துவிடுகிறது. டோனா ஹாராவேயின் 'பிரைமேட் விஷன்ஸ்' (1989) படித்தவர்களுக்கு இந்த வாதத்தின் வாசனை தெரியும். அவருடைய அக்கறை பெரும்பாலும் குரங்கைப் பற்றிச் சொல்லப்பட்ட கதைகளில். நான் கேட்பது அதைவிடக் கச்சாவான கேள்வி: சரக்கு எங்கிருந்து வந்தது, அது கிடைத்த விதம் நோயைப் பற்றிய அறிவை என்ன செய்தது?

எய்ட்ஸுக்கு முன்னால் போலியோ. 1908ல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் எர்வின் பாப்பரும் இளம்பிள்ளை வாதத்தில் இறந்த ஒரு சிறுவனின் தண்டுவடத்தை அரைத்து இரண்டு குரங்குகளுக்குச் செலுத்தினார்கள். ஒன்று பபூன், இன்னொன்று ரீசஸ். நோய் தொற்றியது. அதற்குமேல் வியன்னாவில் குரங்கு கிடைக்கவில்லை. வேலையைத் தொடர லாண்ட்ஸ்டைனர் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தை நாட வேண்டியிருந்தது. நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் இருந்த சைமன் பிளெக்ஸ்னருக்கு இந்தத் தொல்லை கிடையாது. பணம் இருந்தது, பணம் இருந்தால் ரீசஸ் இருந்தது. 1909 முதல் அவருடைய குழு வைரஸை ஒரு ரீசஸ் மூளையிலிருந்து இன்னொரு ரீசஸ் மூளைக்கு மாற்றி மாற்றி வளர்த்தது. ஆண்டுக்கணக்கில் இப்படிச் செய்ததில் அந்த வைரஸ் நரம்புத் திசுவைத் தவிர வேறெதையும் தீண்டாத ஒன்றாக மாறிப்போனது. போதாக்குறைக்கு, ரீசஸுக்கு வாய்வழியாகப் போலியோ எளிதில் தொற்றாது. மூக்கில் விட்டால் தொற்றும்.

ஆகவே போலியோ மூக்கு வழியாக நுழைந்து நரம்பைப் பிடித்து மூளைக்குப் போகும் நோய் என்று தீர்ப்பாகிவிட்டது. 1911ல் சுவீடனில் கொள்ளைநோயாகப் பரவியபோதே கார்ல் கிளிங்கின் குழு நோயாளிகளின் குடலில் வைரஸைக் கண்டிருந்தது. யார் கேட்டார்கள்? மனிதக் குடலைவிட நியூயார்க் குரங்கின் மூக்குக்கு மதிப்பு அதிகம். விளைவை 1937ல் டொராண்டோவின் குழந்தைகள் அனுபவித்தார்கள். ஐயாயிரத்தை ஒட்டிய குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட் கரைசலைப் பீய்ச்சினார்கள். போலியோ நிற்கவில்லை. சில குழந்தைகளுக்கு வாசனை தெரியும் சக்தி போனது. அதில் சிலருக்குத் திரும்பி வரவேயில்லை.

இன்னொரு விளைவும் உண்டு. 1936ல் ஆல்பர்ட் சாபினும் பீட்டர் ஒலிட்ஸ்கியும் அந்த ராக்பெல்லர் வைரஸை மனிதக் கருவின் திசுக்களில் வளர்த்துப் பார்த்து, நரம்புத் திசுவில் மட்டும்தான் வளரும் என்றார்கள். அவர்கள் கையிலிருந்த வைரஸைப் பொறுத்தவரை அது நிஜம்தான். வேறு வைரஸை எடுத்துக்கொண்ட ஜான் எண்டர்ஸ் குழு 1949ல் அதைப் பொய்யாக்கியது. 13 வருஷம். மருத்துவ வரலாறு இதை 'தாமதம்' என்று நாகரிகமாகக் குறிப்பிடுகிறது.

எண்டர்ஸின் கண்டுபிடிப்பு குரங்கை விடுவிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. நரம்பு தேவையில்லை என்றானதும் சிறுநீரகம் தேவைப்பட்டது. சால்க் தடுப்பூசிக்கான வைரஸ் குரங்குச் சிறுநீரகச் செல்களில் வளர்ந்தது. 1950களின் உச்சத்தில் இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேலான ரீசஸ் வெளியேறின. வட இந்தியக் கிராமங்களிலும் கோயில் சுற்றுகளிலும் பிடித்தவை. (நம் தெருவில் தேங்காய்மூடி பறிக்கிற குரங்கு வேறு இனம், ரீசஸ் கோதாவரிக்கு வடக்கேதான்.) 1955 ஜனவரியில் லண்டன் விமான நிலையத்தில் நூற்றுக்கணக்கான குரங்குகள் மூச்சுமுட்டிச் செத்தன. இந்திய அரசு கொஞ்ச நாள் ஏற்றுமதியை நிறுத்தி, மருத்துவ ஆய்வுக்கும் தடுப்பூசிக்கும் மட்டுமே பயன்படுத்துவோம் என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டு திரும்பத் திறந்துவிட்டது. அமெரிக்க ராணுவ ஆய்வகம் அதே ரீசஸ்களைக் கதிர்வீச்சுச் சோதனைகளுக்குப் பயன்படுத்தியது அம்பலமான பிறகு, மொரார்ஜி தேசாய் அரசு 1978 ஏப்ரலிலிருந்து முழுத்தடை போட்டது. இதைச் சிலர் அனுமார் பக்தி என்று கிண்டலடித்தார்கள். பக்தி இருந்திருக்கலாம்; மீறப்பட்ட ஒப்பந்தம் ஒன்றும் இருந்தது.

இடையில் 1960ல் இன்னொரு சங்கதி வெளிப்பட்டது. ரீசஸ் சிறுநீரகத்தில் எஸ்.வி.40 என்ற குரங்கு வைரஸ் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. அதற்குள் கோடிக்கணக்கானவர்களுக்குத் தடுப்பூசி போட்டாகிவிட்டது. விலங்கைச் சுத்தமான கருவி என்று நினைத்துக் கையாள்கிறோம். கருவிக்கும் ஒரு உடம்பு இருக்கிறது, அதற்கும் நோய்கள் உண்டு.

1985ல் மசாசூசெட்ஸ் மாநிலத்து நியூ இங்கிலாந்து குரங்கு ஆய்வு மையத்தில், எதிர்ப்புச் சக்தி இழந்து செத்துக்கொண்டிருந்த ரீசஸ்களிடமிருந்து எச்.ஐ.வி. போன்ற ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். எஸ்.ஐ.வி. என்று பிற்பாடு பெயர் வந்தது. குரங்கு எய்ட்ஸ் கிடைத்துவிட்டது, மாதிரி கிடைத்துவிட்டது என்று கொண்டாட்டம். ஆனால் ஆசியக் காடுகளில் திரியும் எந்த ரீசஸுக்கும் இந்த வைரஸ் கிடையாது. இது மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மங்கபே என்ற குரங்கினுடையது. மங்கபேயிடம் ஏராளமாக இருந்தும் பெரும்பாலும் அதை நோயாளியாக்குவதில்லை. இரண்டு கண்டத்துக் குரங்குகள் சந்தித்த இடம் கலிபோர்னியாவின் டேவிஸ் ஆய்வு மையம். குரு என்ற மூளைநோயைக் குரங்குக்குக் குரங்கு கடத்திப் பார்த்த 1960களின் சோதனைகளில்தான் இந்த வைரஸ் ரீசஸுக்குத் தாவியது என்று பிற்கால ஆய்வொன்று வாதிடுகிறது. இயற்கையில் இல்லாத ஒரு நோயை ஆய்வுக்கூடம் தனக்குத் தெரியாமலே உண்டாக்கி, பிறகு அதையே இயற்கையின் கண்ணாடியாக எடுத்துவைத்துக்கொண்டது.

இந்தக் கண்ணாடி ஆப்பிரிக்கர்கள் மீதும் வெளிச்சம் அடித்தது. அதே 1985ல் ஹார்வர்டின் ஒரு குழு, ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கிடமிருந்து எச்.ஐ.வி.யின் உறவுக்கார வைரஸை எடுத்துவிட்டதாக அறிவித்தது. எய்ட்ஸ் பச்சைக் குரங்கிலிருந்து மனிதனுக்கு வந்தது என்ற பேச்சு பத்திரிகைகளில் பற்றிக்கொண்டது. குரங்கோடு ஆப்பிரிக்கன் என்ன செய்தான் என்ற ஆபாசக் கற்பனைகள் கூடவே வந்தன. 1988ல் உண்மை தெரிந்தது: அறிவித்த வைரஸ், மசாசூசெட்ஸ் ரீசஸின் எஸ்.ஐ.வி. ஆய்வகத்தில் கலந்துவிட்டதால் வந்தது. மறுப்பு வந்தது, வதந்தி போகவில்லை. 1990களில் நம்மூர் விழிப்புணர்வுப் பேச்சாளர்களும் பச்சைக் குரங்கைக் கட்டிக்கொண்டு அழுததுண்டு.

சிம்பன்சியின் கதை வேறு மாதிரி. 1984லிருந்து அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட சிம்பன்சிகளுக்கு எச்.ஐ.வி. செலுத்தினார்கள், இதற்காகவே அரசுச் செலவில் இனப்பெருக்கத் திட்டமும் நடந்தது. தொற்றியது, ஆனால் நோய் வரவில்லை. யெர்க்ஸ் மையத்தில் பத்து வருஷம் கழித்து ஒரு சிம்பன்சிக்கு எய்ட்ஸ் வந்ததே செய்தியானது. 'சிம்பன்சிக்கு எய்ட்ஸ் வராது' என்பது பாடமாகிவிட்டது. எச்.ஐ.வி.-1 வந்ததே சிம்பன்சி வைரஸிலிருந்துதான் என்று 1999ல் பியாட்ரிஸ் ஹானின் குழு காட்டியது. 2009ல் தான்சானியாவின் கோம்பே காட்டிலிருந்து மறுதலிப்பு வந்தது: தன் சொந்த எஸ்.ஐ.வி. தொற்றிய காட்டுச் சிம்பன்சிகள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் சாகின்றன. எய்ட்ஸ் போன்ற சேதம் உடம்பில் தெரிகிறது. கூண்டில் எழுதிய பாடத்தைக் காடு திருத்தியது. கூண்டுச் சிம்பன்சிகள் வேண்டாத சுமையாகி, அமெரிக்க அரசு 2015ல் ஆதரவை முற்றாக நிறுத்திக்கொண்டது.

இதையெல்லாம் அடுக்கி விலங்குச் சோதனையே வெட்டிவேலை என்று முடித்துவிடலாம். அப்படி முடிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. 1995ல் டெனோபோவிர் மருந்து குரங்குகளைத் தொற்றிலிருந்து காப்பாற்றியது. அந்த மருந்தை உள்ளடக்கிய மாத்திரைதான் 2012ல் தொற்றுக்கு முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பு மாத்திரையாக அனுமதி பெற்றது. வைரஸின் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்து குரங்கிலும் மனிதனிலும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்தது. தடுப்பூசி அப்படியில்லை, அது உடம்பின் எதிர்ப்பு முறையையே நம்பியிருக்கிறது, அங்கேதான் இனத்துக்கு இனம் வித்தியாசம். மெர்க் நிறுவனத்தின் தடுப்பூசி, எஸ்.ஐ.வி.யும் எச்.ஐ.வி.யும் ஒட்டுப்போட்ட ஒரு கலப்பு வைரஸை எதிர்த்து ரீசஸில் நம்பிக்கை தந்தது. முரட்டு எஸ்.ஐ.வி.யை எதிர்த்துச் சுமாராகத்தான் இருந்தது. நம்பிக்கை தந்த மாதிரியை நம்பினார்கள். 'ஸ்டெப்' எனப்பட்ட அந்தச் சோதனை ஏறக்குறைய 3000 தொண்டர்களோடு நடந்து 2007 செப்டம்பரில் நின்றது. தடுப்பூசி காக்கவில்லை என்பது மட்டுமில்லை. போட்டுக்கொண்ட ஆண்களில் ஒரு பிரிவினருக்குத் தொற்று கூடுதலாகவே வந்தது.

அதே 2007ல் ரீசஸ் இனத்தின் மரபணுத் தொகுதி வெளியானது. எடுத்துக்கொண்டது அமெரிக்கக் கூண்டில் இருந்த ஒரு பெண் குரங்கு, இந்திய வம்சாவளி. மாதிரி இனி அகராதியாகவும் ஆனது.

2020ல் கொரோனா வந்ததும் சீனாவும் ஏற்றுமதியை நிறுத்தியது. அமெரிக்க ஆய்வகங்கள் ரீசஸ் போதவில்லை என்று அலறின. மருந்துக் கம்பெனிகள் ஏற்கெனவே தென்கிழக்கு ஆசியாவின் நீண்டவால் குரங்கை நம்பியிருந்தன. அதன் பெரிய சந்தை கம்போடியா. காட்டில் பிடித்ததைப் பண்ணையில் பிறந்ததாக எழுதி அனுப்பினார்கள் என்று 2022ல் அமெரிக்க அரசு கம்போடிய வனத்துறை அதிகாரிகள் மீது வழக்குப் போட்டது. நீதிமன்றத்தில் நின்ற ஒரே அதிகாரியை ஜூரிகள் 2024ல் விடுவித்தார்கள். அந்தக் குரங்கினமும் 2022ல் அழியும் ஆபத்திலுள்ளவற்றின் சர்வதேசப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.