உஸ்மானியப் போர் நட்சத்திரமும் 1333 என்னும் எண்ணும்

முதல் உலகப் போரில் உஸ்மானியப் படையில் பணியாற்றிய அதிகாரி ஒருவருடையவை என்று சொல்லி, நண்பர் ஒருவர் இரண்டு பொருள்களைச் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கொண்டுவந்தார். ஒன்று, சிவப்பு வண்ணம் பூசிய ஐந்து முனை நட்சத்திரப் பதக்கம். மற்றொன்று, மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்த விருதுப் பத்திரம். ஐரோப்பியப் பயணத்தில் பழம்பொருள் கடையொன்றில் நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்தார். ஊர் திரும்பிய பின்னரே ஐயம் பிறந்தது. பதக்கத்தில் 1333, பத்திரத்திலோ 1331. பதக்கம் உருவாவதற்கு ஈராண்டு முன்னரே அதற்கான பத்திரம் எழுதப்பட்டிருக்குமா? தாம் ஏமாற்றப்பட்டதாகவே அவர் முடிவு செய்திருந்தார்.

அந்த நட்சத்திரத்தைத் துருக்கியர் ‘ஹர்ப் மதால்யஸி’ என்பர். ‘ஹர்ப்’ நாம் அறிந்த அரபுச் சொல்லே. ‘மதால்யா’ ஐரோப்பியரிடமிருந்து வந்தது. சுல்தான் ஐந்தாம் முஹம்மத் ரஷாத் 1915 மார்ச் 1ஆம் நாள் இதனை நிறுவினார். ஆங்கிலேயர் இதற்குக் ‘கலிப்போலி நட்சத்திரம்’ எனப் பெயரிட்டனர். கலிப்போலியில் நேச நாட்டுப் படைகள் கரையிறங்கியது ஏப்ரல் 25ஆம் நாளில்தான். பதக்கமோ அதற்கு முன்னரே பிறந்துவிட்டது. பிற போர்முனைகளிலும் வழங்கப்பட்டது. ஜெர்மானியர் தம் இரும்புச் சிலுவையை மனத்திற்கொண்டு இதனை ‘இரும்புப் பிறை’ என்றனர். உண்மையில் அது நிக்கல் முலாம் பூசிய பித்தளை. பிறர் சூட்டிய இரு பெயர்களுமே பொருந்தவில்லை!

நட்சத்திரத்தின் நடுவே மேல்நோக்கித் திறந்த பிறை. அதனுள் சுல்தானின் துக்ரா. அதன் கீழே ஆண்டு. துக்ராவின் பின்னலைப் பிரித்துப் படித்தால் ‘அப்துல் மஜீதின் மகன் முஹம்மத் கான், என்றும் வெற்றியாளர்’ என்னும் பொருள் கிடைக்கும். துருக்கியர் ‘மெஹ்மெத்’ என உச்சரிப்பதும் எழுத்தில் ‘முஹம்மத்’ தான். போரிட்டவர்க்குச் சிவப்பு நாடாவில் வெள்ளைக் கரை. போர்முனைக்கு வெளியே பணியாற்றியவர்க்கு வெள்ளை நாடாவில் சிவப்புக் கரை. சனாக்கலே, கஸ்ஸா, கூத்துல் அமாரா எனப் போர்க்களப் பெயர் பொறித்த பட்டைகளும் உண்டு. சனாக்கலே என்பதன் முதல் எழுத்து அரபு நெடுங்கணக்கில் இல்லாதது. ஜீமுக்கு மூன்று புள்ளியிட்டு எழுதுவர். அரபுத் தமிழ்க் கிதாபுகளில் சகரத்திற்கு நம் முன்னோர் கையாண்டதும் அதே முறை என்பதால், நண்பரின் பட்டையைப் படிப்பதில் எனக்குத் தடையேதும் இருக்கவில்லை.

இனி ஆண்டுக் கணக்கிற்கு வருவோம். பதக்கத்திலுள்ள 1333 ஹிஜ்ரி ஆண்டு. 1914 நவம்பரில் தொடங்கி 1915 நவம்பரில் முடிந்தது. ஆனால் உஸ்மானிய அரசு அலுவலகங்களில் ‘ரூமி’ எனப்பட்ட சூரியக் கணக்கும் வழங்கிவந்தது. நிதிநிர்வாகத்தின் பொருட்டு ஏற்பட்டமையால் அதற்கு ‘மாலி’ ஆண்டு என்றும் பெயர். அதன்படி 1331ஆம் ஆண்டு என்பது 1915 மார்ச் 14 முதல் 1916 மார்ச் 13 வரையிலான காலம். இதை அறியாதார் பதக்கத்தின் 1333ஐ ரூமி ஆண்டெனக் கொண்டு 1917க்குத் தள்ளிவிடுவர். பத்திரத்தின் 1331ஐ ஹிஜ்ரி எனக் கொண்டு போருக்கு முந்திய 1913க்கு இழுத்துவிடுவர்.

எது எந்தக் கணக்கு என்பதை மாதப் பெயர் காட்டிக்கொடுக்கும். நண்பரின் பத்திரத்தில் ‘தஷ்ரீனே அவ்வல்’ என்றிருந்தது. அரபு ஒலி கேட்டவுடன் அது ஹிஜ்ரி மாதம் என்று மயங்கலாகாது. ஷாம் நாட்டார் இன்றும் அக்டோபரைத் தஷ்ரீனுல் அவ்வல் என்றே வழங்குகின்றனர். ஆக, 1915 இலையுதிர் காலத்தில், கலிப்போலிப் போர் முடிவதற்கு முன்னர் எழுதப்பட்ட பத்திரம் அது. முரண்பாடு எதுவும் இல்லை. இத்தகைய பத்திரத்திற்குத் துருக்கியில் ‘பெராத்’ என்று பெயர். ஷஅபான் மாதத்து பராஅத் இரவில் நாம் வழங்கும் அதே சொல்தான் என்று நான் கூறியபோது நண்பர் வியந்தார்.

ஆனால் பத்திரம் உண்மை என்பதனால் இரண்டும் ஒருவருடையவை என்றாகிவிடாது. பிரிட்டிஷார் தம் போர்ப் பதக்கங்களில் வீரரின் எண்ணையும் பெயரையும் படைப்பிரிவையும் பொறித்தனர். உஸ்மானிய நட்சத்திரத்தில் பெயர் இல்லை. போதாததற்கு, ஜெர்மானியப் பொற்கொல்லர்கள் எனாமல் பூசிய நேர்த்தியான பிரதிகளைச் செய்து அதிகாரிகளுக்கு விற்றனர். பத்திரத்தில் ‘முலாஸிமே அவ்வல்’ என்னும் பதவியும் ஒரு பெயரும் உள்ளன. குடும்பப் பெயர் இல்லை. துருக்கியில் அதற்கான சட்டமே 1934இல்தான் வந்தது. அரபு எழுத்து 1928இலேயே கைவிடப்பட்டமையால், பாட்டனாரின் பத்திரம் அவருடைய பேரர்களுக்கே படிக்க இயலாததாகிப் பெட்டியோடு கடைக்கு வந்திருக்கவும் கூடும்.

பொருளோடு சாட்சியமும் சேர்ந்து வந்தால் நிலை வேறு. 1915 ஆகஸ்ட் 10ஆம் நாள் சுனுக் பாயிரில் முஸ்தஃபா கமாலின் மார்பில் தைக்க வந்த குண்டுச் சிதறலை அவருடைய சட்டைப்பைக் கடிகாரம் தாங்கிக்கொண்டது. உடைந்த கடிகாரத்தை அவர் தம் மேலதிகாரி லிமான் ஃபொன் சாண்டர்ஸுக்கு அளித்தார். அவரும் தம் கடிகாரத்தைப் பதிலாகத் தந்தார். யார் கொடுத்தார், யார் பெற்றார் என்பது பதிவானமையால், பொருள் கைக்குக் கிட்டாவிடினும் வரலாறு நிற்கிறது. உஸ்மானிய விருதுகளை ஒழித்த 1934ஆம் ஆண்டுச் சட்டம் போர்ப் பதக்கங்களுக்கு மட்டும் விலக்களித்தது என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

நண்பர் இரண்டையும் ஒரே கண்ணாடிச் சட்டத்தில் பதித்து, கீழே அந்த அதிகாரியின் பெயரை எழுதித் தரும்படி கேட்டார். பத்திரத்திற்கு மட்டும் பெயரை எழுதிக் கொடுத்தேன். நட்சத்திரத்திற்கு ‘ஹிஜ்ரி 1333’ என்று மட்டுமே எழுதினேன். அவருக்குச் சற்று மனக்குறைதான். ஆயினும் அந்தச் சீட்டுகளையே ஒட்டி வைத்திருக்கிறார்.