இடையில் இருந்த இரண்டு வருடம்

ஹாவார்டில் முதல் இரசாயனவியல் பரீட்சையில் 100க்கு 20 எடுத்தவர் மௌங்கி பவெண்டி. 2023இல் அதே பாடத்துக்கு நோபல் பரிசு. இடையில ரெண்டு வருடத் தற்காலிக வேலை ஒண்டு இருக்கு.

கலாநிதிப் பட்டம் முடிச்சவைக்குக் கிடைக்கிற ஒப்பந்த ஆய்வு வேலைதான் ‘போஸ்ட் டொக்’. நிரந்தர வேலை வரும்வரை காத்திருக்கிற இடம் எண்டுதான் கனபேர் நினைக்கிறம்.

1988இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் லூயிஸ் புரூஸிடம் பவெண்டி அப்படித்தான் சேர்ந்தார். நானோ துணிக்கையின் பருமன் மாறினால் அதன் நிறமும் மாறும் என்பதை, சோவியத்தில் அலெக்சி எகிமோவ் கண்ணாடிக்குள்ளும் புரூஸ் கரைசலிலும் ஏற்கெனவே கண்டிருந்தார்கள். ஆனா எல்லாத்தையும் ஒரே பருமனில் செய்ய வழியில்லை. 1990இல் எம்.ஐ.ரிக்குப் போகேக்க பவெண்டி அந்தத் தீராத பிரச்சினையையும் கொண்டு போனார். 1993இல் மாணவர்கள் கிறிஸ்டோபர் மரே, டேவிட் நோறிஸோடு சேர்ந்து, சூடான கரைப்பானுக்குள் மூலப்பொருளை ஒரேயடியாகச் செலுத்தித் தீர்த்தார். கியூலெட் டிவிக்குள்ள இருக்கிறது அந்த வகைத் துணிக்கைகள்தான்.

நோபலை மூன்று பேருக்கு மேல் பகிர முடியாது. எகிமோவ், புரூஸ், பவெண்டிக்குக் கிடைத்தது. மரேக்கும் நோறிஸுக்கும் இல்லை. பட்டியல் அப்பிடித்தான். ஆனா வரலாறு எழுதேக்க அந்த ரெண்டு பேரையும், அந்த ரெண்டு வருடத்தையும் விட்டால் கதை பாதிதான்.