இடுப்பிலிருந்து முழங்கால் வரை: பர்மியர்களின் தொடைப் பச்சை

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபியோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள்.

இப்போது பையன்கள் தொடையில் பச்சை குத்திக்கொள்கிறார்கள். என்னிடம் படித்தவர்களிலேயே இரண்டு மூன்று பேர், “சார், ஆம்பளைங்க தொடைக்கு எந்த டிசைன் நல்லா இருக்கும்?” என்று கேட்டுவிட்டார்கள். சிங்கமா, புலியா, சிவனா, புத்தரா என்று ஒரு பட்டியலும் கையில் வைத்திருக்கிறார்கள். முப்பது வருஷம் வரலாறு நடத்தியவனிடம் டிசைன் கேட்டால் வரலாறுதான் கிடைக்கும். கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடையில் பச்சை குத்தாத ஆணைப் பார்ப்பதே அரிதாக இருந்த நாடு ஒன்று உண்டு. அது எங்கேயோ தென்கடல் தீவு என்று நினைக்க வேண்டாம். நம் தாத்தாக்கள் கப்பலேறிப் போய்ப் பிழைத்த பர்மாதான்.

பர்மியப் பையன் வாலிப வயதைத் தொடும்போது இடுப்பிலிருந்து முழங்கால் வரை சுற்றிலும் இடைவெளி இல்லாமல் பச்சை குத்துவார்கள். ‘தோக்வின்’ என்று அதற்குப் பெயர். ‘தோ’ என்றால் குத்துவது. இன்றைய பையன்களைப் போல அவன் டிசைன் தேடி அலைய வேண்டியதில்லை. அப்பா தொடையில் இருந்தது, மாமா தொடையில் இருந்தது, அதுவே அவன் தொடையிலும் ஏறும். புலி, பூனை, குரங்கு, யானை, ‘பிலு’ எனப்படும் அரக்கன், இவைதான் உருவங்கள். ஒவ்வொரு உருவத்தையும் சுற்றி முட்டை வடிவில் ஒரு சட்டம். அந்தச் சட்டத்தில் பர்மிய எழுத்துகளே வரிசையாக ஓடும். பர்மிய எழுத்து வட்ட வட்டமானது, அதனால் பூவேலை மாதிரியே இருக்கும்.

இதையெல்லாம் விவரமாக எழுதி வைத்தவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர், ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்காட். 1882-ல் பர்மியர்களின் வாழ்க்கை முறை பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். ‘ஷ்வே யோ’ என்று பர்மியப் பெயர் வைத்துக்கொண்டு எழுதியதால், எழுதியவர் பர்மியர்தான் என்று பலர் நம்பினார்களாம். இவரும் நம்ம ஜாதிதான், அதாவது வாத்தியார் ஜாதி! ரங்கூனில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார். பர்மாவில் கால்பந்தை அறிமுகப்படுத்தியவர் என்றும் இவரைச் சொல்வார்கள்.

அவர் சொல்லும் செய்முறையைப் பாருங்கள். பச்சை குத்தும் கருவி ஏறக்குறைய இரண்டு அடி நீளம். மேல் முனையில் பித்தளை போன்ற கனமான உருவம் ஒன்று இருக்கும், பாரம் கொடுப்பதற்கு. கீழ் முனை பேனா நிப்பைப் போலப் பிளவுபட்டிருக்கும். அந்தப் பிளவுதான் மையைப் பிடித்து வைக்கும். மை எப்படிச் செய்வது? நல்லெண்ணெய் விளக்கின் புகைக்கரிதான். நம் வீட்டுப் பாட்டிமார்கள் கண்மைக்கு விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடிப்பார்களே, அதே சங்கதி.

மை கறுப்பு. ஆனால் தோலுக்கு அடியில் போனதும் நீலமாகத் தெரியும். கரித்துகளின் மேல் தோல் மூடியிருப்பதால் வெளிச்சம் சிதறி வருகிறது, அதனால் இந்த நிறம். நாம் அதே கறுப்பு மையைப் பார்த்துத்தான் ‘பச்சை’ என்று பெயர் வைத்தோம்.

வலி? சொல்லி மாளாது. தொடையின் உள்பக்கத் தோல் எவ்வளவு மென்மை என்று நமக்குத் தெரியும். முழங்காலுக்குப் பின்னால் இன்னும் மோசம். கால் வீங்கிக் காய்ச்சல் வரும் என்பதால் ஒரு நாளைக்குச் சில உருவங்கள் என்று பகுதி பகுதியாகக் குத்துவார்கள். சில பையன்களுக்கு அபின் கொடுத்துக் குத்துவதும் உண்டு. இதைத் தாங்கி எழுந்தவன்தான் ஆம்பளை. தாங்காதவனைப் பெண்கள் கேலி செய்வார்கள்.

‘அதுதான் கைலிக்குள்ளே மறைந்துவிடுமே, யாருக்குத் தெரியும்?’ என்று கேட்கலாம். அந்தக் காலத்துப் பர்மிய ஆணின் உடுப்பு ‘பசோ’ என்ற நீளமான துணி. வேலை செய்யும்போது, படகு வலிக்கும்போது, ‘சின்லோன்’ என்ற பிரம்புப் பந்தாட்டம் ஆடும்போது அதை நம் ஊர் ஆட்கள் தார்ப்பாய்ச்சிக் கட்டுவது போல மேலே ஏற்றிச் செருகிக்கொள்வார்கள். தொடை முழுக்க வெளியே தெரியும். தூரத்திலிருந்து பார்த்த வெள்ளைக்காரர்கள், இவர்கள் இறுக்கமான நீல டவுசர் போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்தார்கள்.

நான் முதலில் வேலை பார்த்த ஊரில், பர்மாவிலிருந்து திரும்பிய பெரியவர் ஒருவர் இருந்தார். சாயங்காலம் டீக்கடையில் பேசுவார். “வயசான பர்மாக்காரன் வயல்ல இறங்கி கைலியைத் தூக்கிக் கட்டினான்னா, உள்ளே ஒரு டவுசர் போட்ட மாதிரியே இருக்கும் தம்பி” என்று அவரும் அதையேதான் சொன்னார். “சின்னப் பசங்க காலு மட்டும் நம்ம காலு மாதிரி வெறுங்காலு” என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தை அப்போது நான் கவனிக்கவில்லை. வரலாறு அதற்குள்தான் இருக்கிறது.

இது எவ்வளவு பழைய வழக்கம்? 15-ஆம் நூற்றாண்டிலேயே ஆவா நகரத்துக்குப் போன வெனிஸ் வணிகர் நிக்கோலோ தெ கோன்தி, அங்கே மக்கள் இரும்பு ஊசியால் தோலில் குத்தி அழியாத சாயம் ஏற்றிக்கொள்வதைச் சொல்லியிருக்கிறார். பர்மாவில் மட்டும் இல்லை, ஷான் மலைகளிலும் இன்றைய தாய்லாந்தின் வடக்கிலும் இதே தொடைப் பச்சை இருந்தது. சயாம்காரர்கள் வடக்கே இருந்தவர்களைக் ‘கறுப்பு வயிற்று லாவோ’ என்றே அழைத்தார்கள். நான் என்ற நகரத்தில் வாட் பூமின் கோயில் சுவரில் 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் வரைந்த ஓவியம் ஒன்று உண்டு. ஓர் ஆண் பெண்ணின் காதில் ரகசியம் சொல்கிறான், அவன் உடம்பில் பச்சை. இன்று அந்த ஊரில் டி-ஷர்ட், பை, கோப்பை எல்லாவற்றிலும் அந்த ஜோடிதான்.

சரி, இவ்வளவு ஆழமாக வேர்விட்ட வழக்கம் எங்கே போனது?

1824, 1852, 1885 என்று மூன்று போர்களில் ஆங்கிலேயர் பர்மாவை விழுங்கினார்கள். மாந்தலே வீழ்ந்து திபா மன்னர் நாடு கடத்தப்பட்டார். அரண்மனை போனது. ஊர்ப் பையன்களை வளர்த்தெடுத்த மடத்துப் பள்ளிகள் செல்வாக்கு இழந்தன. இங்கிலீஷ் பள்ளியும் ஆபீசும் வந்தன. நீண்ட கொண்டை போய் கிராப்பு வந்தது. பெரிய பசோ போய் மூட்டிய கைலி வந்தது. தொடையைக் காட்டவேண்டிய வேலையே பட்டணத்துப் பையனுக்கு இல்லை. எது ஆண்மைக்கு அடையாளமோ அதுவே இரண்டு தலைமுறையில் ‘பட்டிக்காட்டான்’ என்பதற்கு அடையாளமாகிவிட்டது. டீக்கடைப் பெரியவர் பார்த்த வெறுங்கால் பையன்கள் அவர்கள்தான்.

இங்கே நிறுத்திவிட்டால் பாதி வரலாறுதான். ஏனென்றால் பர்மாவில் இன்னொரு பச்சையும் உண்டு. தொடையில் குத்துவது கறுப்பு. இடுப்புக்கு மேலே, மார்பிலும் தோளிலும் கையிலும் குத்துவது சிவப்பு. அது அழகுக்கு இல்லை, காப்புக்கு. மந்திரக் கட்டங்கள், காவல் உருவங்கள். கத்தி பாயாது, பாம்பு கடிக்காது, குண்டு துளைக்காது என்று நம்பிக் குத்திக்கொள்வது. பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்த எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லின் விரல் முட்டிகளில்கூட நீல வட்டங்கள் இருந்தன. அதுவும் இந்த மாதிரிக் காப்புதான் என்கிறார்கள்.

1930-ல் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை தரைக்கு வந்தது. வரி மட்டும் குறையவில்லை. இங்கேதான் நம் கதையும் சேர்கிறது. கீழ் பர்மாவின் விவசாயி கடன் வாங்கியது பெரும்பாலும் நம் செட்டிநாட்டு லேவாதேவிக்காரர்களிடம். கடன் கட்ட முடியாமல் நிலம் கைமாறியது. முக்கிய நெல் மாவட்டங்கள் 13-ல் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1930-களின் கடைசியில் அது சுமார் 25 சதவீதம். செட்டியார்களும் நிலம் வேண்டும் என்று போனவர்கள் இல்லை, அவர்களுக்கு வேண்டியது ரொக்கம். ஆனால் உழுதவனுக்கு நிலம் போனது போனதுதான்.

1930 டிசம்பர் 22 அன்று தாராவடி மாவட்டத்தில் கலகம் வெடித்தது. தலைவர் சயா சான், முன்னாள் பிக்கு, நாட்டு வைத்தியர். தன்னை அரசனாக முடிசூட்டிக்கொண்டார். அவர் ஆட்களுக்குக் ‘கலோன் படை’ என்று பெயர். கலோன் என்றால் கருடன். நாகத்தைக் கொல்லும் கருடன். நாகம் என்பது ஆங்கிலேயன். வீரர்கள் கருடனைப் பச்சை குத்திக்கொண்டு, தாயத்தும் கட்டிக்கொண்டு, வாளும் ஈட்டியும் நாட்டுத் துப்பாக்கியுமாக இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே போனார்கள் என்று பதிவாகியிருக்கிறது. ஆயிரத்துக்கும் மேல் செத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தூக்கிலிட்டார்கள். சயா சான் 1931 நவம்பர் 28 அன்று தூக்கில் ஏறினார். அவருக்காக வாதாடியவர் பின்னாளில் பர்மாவின் பிரதமரான டாக்டர் பா மா.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பச்சை, தாயத்து, மூடநம்பிக்கை என்ற இந்தச் சித்திரம் பெரும்பாலும் அரசாங்கத் தரப்பு ஆவணங்களிலிருந்து வந்தது. ‘இவர்கள் மூடர்கள், மந்திரத்தை நம்பிக் கிளம்பினார்கள்’ என்று எழுதிவிட்டால், வரியைப் பற்றியும் கடனைப் பற்றியும் யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா? வகுப்பில் நான் அடிக்கடி சொல்வேன்: ஆவணத்தைப் படிக்கும்போது எழுதியவன் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். இங்கே அவன் கையில் துப்பாக்கி இருந்தது.

இரண்டு பச்சையையும் பக்கத்தில் வைத்து யோசித்தால் எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது. சிவப்புப் பச்சை, உடம்பால் கொடுக்க முடியாத வாக்கைக் கொடுத்தது. கறுப்புப் பச்சை கேட்டதும் கொடுத்ததும் சின்ன வாக்கு: ‘இவன் வலியைத் தாங்கினான், இவன் எங்கள் ஊர்ப் பையன்.’ அந்த வாக்கு பொய்க்கவில்லை. அதைப் படித்துச் சொல்ல ஊர் இருந்தவரை அதற்கு மதிப்பு இருந்தது.

இப்போது டிசைன் கேட்ட தம்பிகளுக்கு. புலி குத்துங்கள், யானை குத்துங்கள், குரங்குகூடக் குத்துங்கள், எல்லாவற்றுக்கும் நூற்றாண்டுகளின் ஆதாரம் இருக்கிறது. ஆனால் புத்தரைத் தொடையில் குத்தாதீர்கள். இத்தனை உருவம் குத்திய பர்மியன் இடுப்புக்குக் கீழே புத்தரைக் கொண்டுபோகவில்லை. 2016-ல் காலில் புத்தர் பச்சையோடு போன ஒரு ஸ்பெயின் நாட்டுப் பயணியை மியான்மர் அரசு திருப்பி அனுப்பிவிட்டது. சிவனையும் முருகனையும் தொடையில் குத்தலாமா என்று என்னைக் கேட்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள், பதில் உடனே கிடைக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1942-ல் நடந்தே வந்தவர்கள், 1964-க்குப் பிறகு கப்பலில் வந்தவர்கள் என்று பர்மா அகதிகளின் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் பலர் இருக்கிறீர்கள். அத்தோவும் பர்மா பஜாரும் மட்டும்தான் நம் நினைவில் நின்றிருக்கின்றன. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அங்கே பார்த்த தொடைப் பச்சையைப் பற்றி இன்றே கேளுங்கள். குத்திக்கொண்ட தமிழர் யாராவது இருந்தாரா என்றும் கேளுங்கள். கிடைத்ததைக் கமெண்டில் எழுதுங்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது, தள்ளிப்போட வேண்டாம்.