கையொப்பமும் சம்மதமும்

2009-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அந்நாளைய ஆந்திர மாநிலத்துக் கம்மம் மாவட்டத்தில், 10 முதல் 14 வயது வரையிலான சிறுமியர்க்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி இடும் ஆய்வொன்று தொடங்கிற்று. 'பாத்' என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்திய பணி அது. சிறுமியருள் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த ஏழை வீட்டுப் பிள்ளைகள். இதனை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் தந்த அறிக்கையில் ஒரு கணக்கு உள்ளது. 9,543 சம்மதப் படிவங்களுள் 2,763-இல் கையொப்பமிட்டவர்கள் பெற்றோர் அல்லர், விடுதிக் காப்பாளர்கள்.

படித்தபோது என் நெஞ்சு குறுகுறுத்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் மாணவர் விடுதியொன்றைச் சில ஆண்டுகள் நடத்தியவன் நான். வானம் பார்த்த பூமியை நம்பி வாழும் பெற்றோர் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டு, "எல்லாம் நீங்களே பாத்துக்குங்க சாமி" என்று கும்பிட்டுப் போவர். அந்த ஒரு சொல்லை நம்பி எத்தனை தாள்களில் 'பெற்றோர் அல்லது காப்பாளர்' என்ற கோட்டின்மேல் ஒப்பமிட்டேனோ! அவர்களுக்குச் சொல்லியனுப்பிக் கேட்டதாக நினைவில்லை.

ஆய்வுக் காலத்தில் சிறுமியர் எழுவர் இறந்ததால், 2010 ஏப்ரலில் அரசு அதனை நிறுத்திற்று. இறப்புகளுக்கு ஊசி காரணமாயிருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு கருதியது. அத்தடுப்பூசி நற்பயன் தருவது என்பதும் உண்மை. பழுது, சம்மதம் பெற்ற முறையில்தான்.

இது புதிய நெறியன்று. நாசி மருத்துவர்கள் வழக்கில் 1947-இல் நூரம்பர்க் நீதிமன்றம் வகுத்த 10 விதிகளுள் முதலாவது, ஆய்வுக்கு உட்படுவோரின் தன்னார்ந்த சம்மதமே. 1952 செப்டம்பரில் திருத்தந்தை 12-ஆம் பயஸ், நோயாளி தரும் உரிமைக்கு அப்பால் மருத்துவர்க்கு அவர்மீது உரிமையில்லை என்று அறிஞர் மாநாடொன்றில் எடுத்துரைத்தார். உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கி அறிக்கையை வெளியிட்டதோ 1964-இல்தான்.

காப்பாளரின் கையொப்பம் இன்று கைபேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. 2012 ஜனவரியில் ஒரு வாரம், முகநூல் நிறுவனம் 6,89,003 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்திற்று. சிலர்க்கு நண்பர்களின் மகிழ்ச்சியான பதிவுகள் குறைக்கப்பட்டன. சிலர்க்குத் துயரப் பதிவுகள். பின்னர் அவர்கள் எழுதிய சொற்களைக் கணினி எண்ணிற்று. மகிழ்ச்சியை மறைத்தபோது அவர்தம் எழுத்திலும் மகிழ்ச்சிச் சொற்கள் மிகச் சிறிதளவு குறைந்தனவாம். விளைவு சிறிதென்பது விடையாகாது. ஏற்கெனவே மனமுடைந்திருந்த ஒருவர் அவ்வாரத்தை எப்படிக் கழித்தார் என்று கேட்டவர் எவர்?

2014 ஜூனில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஆய்வு வெளியானபின்னரே உலகம் இதனை அறிந்தது. கணக்குத் தொடங்குகையில் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளே சம்மதம் என்றனர். ஆனால் 'ஆராய்ச்சி' என்னும் சொல் அந்நிபந்தனைகளில் சேர்ந்ததே 2012 மே மாதத்தில்தான்! ஜூலையில் அவ்விதழே கவலை தெரிவித்துக் குறிப்பு வெளியிட்டது.

நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் பெற வழிசெய்கிறது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் அதன் 17-ஆம் பிரிவு, தனியொருவரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படுத்தாதவரை, வரையறுத்த நெறிகளின்படி நடக்கும் ஆராய்ச்சிக்கு விலக்களிக்கிறது. முகநூல் ஆய்வும் தனியொருவரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கவில்லை.