ரெண்டு டன் சீட்டுகள்: ஊர் கூடி இழுத்த ஓர் அகராதித் தேர்

'யார் வேண்டுமானாலும் பங்களிக்கலாம்' என்று ஒரு தளம் தொடங்கும் பேச்சு வந்தால், எல்லாரும் விக்கிப்பீடியாவிலிருந்துதான் ஆரம்பிப்பாங்க. நான் அதற்கும் 144 வருஷம் முன்னாடி போறேன். வெளியாட்களிடம் உழைப்பைக் கேட்டு வாங்கினால் எங்கெங்கே சறுக்கும் என்பதை, கணினியே இல்லாத காலத்தில் முழுசாக அனுபவித்துப் பார்த்தது ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி.

1857-ல் லண்டன் ஃபிலாலஜிக்கல் சொசைட்டி ஒரு வேலையைக் கையில் எடுத்தது. அன்றைய ஆங்கில அகராதிகளில் விடுபட்ட சொற்களைத் திரட்ட வேண்டும். உறுப்பினர்கள் மட்டும் உட்கார்ந்து முடிக்கிற வேலை இல்லை. அதனால் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் உதவலாம் என்று அழைத்தார்கள். ஒரு சொல் எந்த நூலில், எந்த வாக்கியத்தில் வந்திருக்கிறது என்று சீட்டில் எழுதி அனுப்பணும், அவ்வளவுதான். சம்பளம் கிடையாது. கொஞ்ச நாளிலேயே, விடுபட்டதைச் சேர்ப்பது போதாது, புது அகராதியே வேண்டும் என்று திட்டம் பெரிதானது.

முதல் ஆசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ், வரும் சீட்டுகளை அடுக்க 54 சிறு அறைகள் வைத்த அலமாரி ஒன்றைத் தயார் செய்தார். 1861-ல், 30 வயதில், காசநோயில் இறந்துபோனார். அடுத்து வந்த ஃபிரடெரிக் ஃபர்னிவல் ஆள் சேர்ப்பதில் கில்லாடி. சீட்டுகளை எழுத்துவாரியாகப் பிரித்து, துணை ஆசிரியர்களின் வீடுகளுக்கே கொடுத்தனுப்பினார். ஆனால் கொடுத்ததைத் தொடர்ந்து கவனிக்க ஆள் இல்லை. சிலர் இறந்தார்கள், சிலர் ஊர் மாறினார்கள், சிலருக்கு ஆர்வம் வடிந்தது.

1879-ல் ஜேம்ஸ் மர்ரே என்ற பள்ளி ஆசிரியர் பொறுப்பேற்றபோது வந்து இறங்கியது கிட்டத்தட்ட ரெண்டு டன் காகிதம். ஒரு மூட்டையில் செத்த எலி. இன்னொன்றில் சுண்டெலி குட்டி போட்டிருந்தது. 'எச்' எழுத்துச் சீட்டுகள் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் இருந்தன. 'பிஏ' என்று தொடங்கும் சொற்கள் அயர்லாந்தில் ஒரு குதிரை லாயத்தில் கிடைத்தன. அதிலும் பெரும்பகுதி அடுப்புப் பற்றவைக்கப் போயிருந்தது. முகம் தெரியாத மனிதர்கள் ராத்திரி விளக்கில் உட்கார்ந்து, கூலி வாங்காமல் எழுதிய சீட்டுகள் அவை.

கைக்கு வந்து சேர்ந்ததிலும் ஒரு சிக்கல் இருந்தது. 'அப்யூஷன்' என்ற வழக்கொழிந்த சொல்லுக்குச் சுமார் 50 மேற்கோள்கள். எல்லாரும் பேசுகிற 'அப்யூஸ்' என்ற சொல்லுக்கு ஐந்துகூட இல்லை. காரணம் எளிது. வாசகர்களின் கண் அபூர்வமான சொல்லில்தான் நிற்கும். சாதாரணச் சொல்லும் வேண்டும் என்று அழுத்திச் சொல்லாவிட்டால் அது வராது.

மர்ரே என்ன செய்தார்? தோட்டத்தில் இரும்புத் தகட்டில் ஒரு கொட்டகை போட்டார். அதில் 1,029 அறைகள். சீட்டின் அளவு இது, சொல் இடது மேல் மூலையில், பிறகு ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம், முழு வாக்கியம் என்று வடிவத்தை நிர்ணயித்தார். 1879-ல் புது அழைப்பை 2,000 பிரதி அச்சடித்து அனுப்பினார். "உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், எந்தெந்த நூல்களைப் படிக்க ஆள் வேண்டும், எந்த நூற்றாண்டு குறைவாக இருக்கிறது என்றும் அதில் சொன்னார். முதல் பகுதி 1884-ல் வந்தது. 1928-ல் அகராதி நிறைவடைந்தபோது அதில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் இருந்தன. மர்ரே அதைப் பார்க்கவில்லை, 1915-லேயே போய்விட்டார். ஆனால் வேலை நிற்கவில்லை. அவர் போட்டுவைத்த ஒழுங்கை வைத்து மற்றவர்கள் முடித்தார்கள்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் சறுக்கியது நூப்பீடியா. 2000 மார்ச்சில் ஜிம்மி வேல்ஸ் தொடங்க, லாரி சாங்கர் தலைமை ஆசிரியராக இருந்த இணையக் கலைக்களஞ்சியம். ஒரு கட்டுரை வெளிவர ஏழு கட்டப் பரிசீலனையைத் தாண்ட வேண்டும். இங்கே எதுவும் தொலையவில்லை, எல்லாம் வரிசையில் நின்றது. முதல் ஆண்டில் தேறியவை இரண்டு டஜனைக்கூடத் தாண்டவில்லை. 2001 ஜனவரி 15 அன்று தொடங்கிய விக்கிப்பீடியா ஒரே வருஷத்தில் சுமார் 20,000 கட்டுரைகளை எட்டியது. அங்கே ஒரு எழுத்துப்பிழையைத் திருத்துவதுகூடப் பங்களிப்புதான். கெடுத்தவர் கெடுத்தால் அடுத்தவர் வந்து சரிசெய்துவிடலாம். மென்பொருள்காரன் பார்வையில் இதுவும் மர்ரேயின் சீட்டும் ஒரே சங்கதி. துண்டு சிறிசு. ஒரு துண்டு தப்பானால் எடுத்துப் போடலாம், மற்றது கெடாது.

இதையெல்லாம் நான் தோண்டக் காரணம் உண்டு. நண்பர்கள் சிலர் சேர்ந்து எங்கள் வட்டாரத்து நடுகற்களுக்கு ஒரு தளம் போடத் திட்டமிடுகிறோம். ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் நிற்கிற கல், சாலை விரிவாக்கத்தில் ஒரே நாளில் காணாமல் போகலாம். தளத்துக்கு என்ன மென்பொருள் என்பதுதான் எங்கள் கூட்டத்தில் முதல் கேள்வியாக இருந்தது. இப்போது அது கடைசிக்குப் போய்விட்டது.

ஒருவர் அனுப்ப வேண்டியது இவ்வளவுதான்: ஒரு படம், ஊர்ப் பெயர், எடுத்த தேதி. எழுத்து படிக்கத் தெரிய வேண்டாம், எந்தக் காலம் என்றும் சொல்ல வேண்டாம். எழுத்து இல்லாத, தேய்ந்துபோன கல்லும் வேண்டும் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவோம். இல்லாவிட்டால் அழகான கல்லுக்கு 50 படம் வரும், மற்றதுக்கு ஒன்றும் வராது. வந்த படம் அன்றே 'சரிபார்க்கப்படவில்லை' என்ற குறிப்போடு வெளியில் தெரியும். மாவட்டத்துக்கு ஒருவர் சரிபார்ப்பார். மூன்று மாதம் அவரிடம் அசைவு இல்லை என்றால் பொறுப்பு அடுத்தவருக்கு மாறும்.

இத்தனை ஒழுங்கு வைத்திருந்த மர்ரேயிடமே ஒரு சொல் தொலைந்தது. அடிமைப்பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்ட்' என்ற சொல்லின் சீட்டுகள் எங்கோ தவறிப்போய், அது அகராதியில் ஏறியது 1933 இணைப்பு நூலில்தான். அதனால் எங்கள் தரவு முழுவதையும் யார் வேண்டுமானாலும் இறக்கி வைத்துக்கொள்ள ஒரு வழி, முதல் படம் ஏறுவதற்கு முன்னாடியே இருக்க வேண்டும். நாளைக்கு நாங்க சோர்ந்து போனாலும் இன்னொருத்தர் அங்கேயிருந்து தொடரலாம்.