முதிர்வூக்கும் காரணி: ஒரு காரணப்பெயரின் வரலாறு

தவளையின் சூலகத்தில் முதிராத முட்டைச்செல் நெடுங்காலம் உறங்கிக் கிடக்கிறது. புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் பட்டதும் சில மணி நேரத்தில் அதன் கருச்சவ்வு கரைகிறது. புரத உற்பத்தி பெருகுகிறது. கருவை முன்கூட்டியே அகற்றிவிட்டாலும் இப்பெருக்கம் நிகழ்கிறது. ஆகவே, அப்புரதங்களுக்கான ஆர்.என்.ஏ. செய்திகள் செல்லுக்குள் முன்பே எழுதி வைக்கப்பட்டவை. ஹார்மோன் அவற்றை வாசிக்கத் தூண்டுகிறது.

1971இல் யோஷியோ மசூயியும் கிளெமன்ட் மார்க்கெர்ட்டும், ஹார்மோன் பட்ட செல்லின் சாற்றில் சிறிதளவை முதிராத செல்லுக்குள் செலுத்தினர். ஹார்மோன் இன்றியே அது முதிர்ந்தது. சாற்றிலிருந்த பொருள் யாதென அறியார்; அதன் செயலை மட்டுமே அறிவர். எனவே 'முதிர்வூக்கும் காரணி' என்றனர். நம் இலக்கணம் கூறும் காரணப்பெயர் இது.

1975இல் வாசர்மனும் மசூயியும் மற்றோர் உண்மையைக் கண்டனர். சைக்ளோஹெக்ஸிமைடு கொண்டு புரத உற்பத்தியைத் தடுத்தால் ஹார்மோன் பயனற்றுப் போகிறது. காரணியையே செலுத்தினாலோ, தடை இருந்தும் செல் முதிர்கிறது. புதிய புரதம் தொடக்கத்திற்கே தேவை. பின்னர் காரணி தன்னைத் தானே பெருக்கிக்கொள்கிறது.

1988இல்தான் அப்பொருள் தூய்மையாகப் பிரிக்கப்பட்டது. அது சைக்ளின் என்ற புரதமும் ஒரு நொதியும் இணைந்தது. சாதாரணச் செல் பிரிதலையும் அதுவே இயக்குவதால் 'எம்.பி.எஃப்.' என்ற சுருக்கம் அப்படியே நிற்க, முதலெழுத்தின் பொருள் விரிந்தது. சைக்ளினைக் கண்ட டிம் ஹண்ட்டும் நொதிக்குரிய மரபணுவை ஆராய்ந்த பால் நர்ஸும் 2001இல் ஹார்ட்வெல்லுடன் நோபல் பரிசு பெற்றனர். 1998இல் லாஸ்கர் விருது பெற்ற மசூயியின் பெயர் அப்பட்டியலில் இல்லை.

மசூயியின் கட்டுரை வந்த அதே 1971இல், அதே பரிசோதனை விலங்கியல் இதழில், டெல்லிப் பல்கலைக்கழகத்தின் கோஸ்வாமியும் சுந்தரராஜும் நம் தேளி மீனின் முட்டைச்செல்களை உடலுக்கு வெளியே ஹார்மோன்களால் முதிரச் செய்ததை எழுதினர். செல் சுழற்சியின் வரலாற்றைச் சொல்வோர் அவர்களை நினைப்பது அரிது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று எங்கள் கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஜான் டெய்லர் கம்பெனியின் பெயர் நிலைத்தது. வட ஆர்க்காட்டிலிருந்து வந்து பாறையைக் குடைந்தோர் 'சுரங்கத் தொழிலாளர்' ஆயினர். அதுவும் காரணப்பெயரே: செய்த வேலையைச் சொல்லும், செய்தவர் யாரெனச் சொல்லாது. முட்டைச்செல்லின் காரணிக்கு, அது யாதெனத் தேடிச் செல்ல 17 ஆண்டுகள் உழைத்தனர். மனிதருக்கும் அத்தேடல் வேண்டும். வரலாற்றாய்வின் கடமை அதுவே.