ஒன்பதில் ஒன்று போனால் எட்டா?

ராத்திரி ஒன்பது மணிக்கும் சீட்டை விட்டு எழாதவனைப் பார்த்து ஒரு மேனேஜர் "என்ன உழைப்பு!" என்பார். இன்னொருவர் "பகல் பூரா என்ன கிழிச்சான்?" என்பார். ஐ.டி.யில் இந்த இரண்டு குரலையும் நான் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கூடுதல் நேரம் வேலை பார்ப்பது திறமையா, திறமைக் குறைவா? இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிட்டார் ஒருவர், நூற்றிருபது வருஷங்களுக்கு முன்பே.

அவர் எர்ன்ஸ்ட் அபே, ஜெர்மன் இயற்பியலாளர். மைக்ராஸ்கோப்பால் எவ்வளவு நுண்ணிய விவரம் வரை பிரித்துக் காட்ட முடியும் என்பதற்கு 1873இல் வரம்பு சொன்னவர். யேனா நகரில் கார்ல் ஸெய்ஸ் நிறுவனத்தில் 1866இல் சேர்ந்து, பின்னால் அதன் தலைமைக்கே வந்தவர். அவருடைய அப்பா நூற்பாலைத் தொழிலாளி. தினமும் பதினாலு, பதினாறு மணி நேரம் நின்றபடி வேலை. மகன் கொண்டுபோகும் சாப்பாட்டை மெஷினில் சாய்ந்துகொண்டே அள்ளிப் போட்டுக்கொள்வாராம்.

1900இல் அபே ஸெய்ஸ் ஆலையில் தினசரி வேலை நேரத்தை ஒன்பது மணியிலிருந்து எட்டாகக் குறைத்தார். பிறகு பீஸ் ரேட்டில் வேலை பார்த்த 233 தொழிலாளர்களின் கணக்கை எடுத்து, மாற்றத்துக்கு முந்தைய ஒரு வருஷத்தையும் பிந்தைய ஒரு வருஷத்தையும் ஒப்பிட்டார். ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று கூலி என்பதால், சம்பாத்தியத்தைப் பார்த்தாலே எவ்வளவு செய்தார்கள் என்று தெரிந்துவிடும்.

ஒன்பது மணி வேலையை எட்டில் முடிக்க, மணிக்கு 12.5 சதவீதம் கூடுதலாகச் செய்தாக வேண்டும். அவர்கள் செய்ததோ 16.2 சதவீதம். அதாவது ஒரு மணி நேரம் குறைந்தும், ஒரு நாளின் மொத்த வேலை மூன்று சதவீதம் போலக் கூடியிருந்தது.

அப்படியென்றால் முன்பு ஏமாற்றிக்கொண்டிருந்தார்களா? பீஸ் ரேட்டில் சோம்பல் பட்டால் போவது அவரவர் காசு. யாரும் வேண்டுமென்று அதைச் செய்யமாட்டார்கள். அபே தந்த விளக்கம் வேறு. களைப்பு, செய்த வேலையால் மட்டும் வருவதில்லை. சத்தத்துக்கு நடுவில், ஒரே நிலையில், கவனத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பதற்கே உடம்பு செலவாகிறது. வண்டி சிக்னலில் நின்றாலும் பெட்ரோல் எரிகிற மாதிரி. நேரம் குறைந்தால் அந்த வெட்டிச் செலவும் குறையும். ராத்திரி ஓய்வும் கூடும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, முன்னும் பின்னும் அதே 233 பேர் என்பதுதான். அவர்கள் திடீரென்று திறமைசாலிகள் ஆகிவிடவில்லை. மாறியது நேர ஏற்பாடு. ஆக, திறமையா இல்லையா என்ற கேள்வியே தப்பான ஆளைப் பிடித்து விசாரிக்கிறது.

யேனாவின் எண்ணை அப்படியே நம் ஆபீசுக்குக் கொண்டுவர முடியாதுதான். அங்கே முடித்த பீஸை எண்ணலாம்; மென்பொருளில் எதை எண்ணுவது? எண்ண எதுவும் இல்லாததால், கண்ணுக்குத் தெரிகிற சீட்டை எண்ணுகிறோம். ராத்திரி பத்து மணிக்கு அசந்துபோய் எழுதின கோடைச் சரிசெய்யவே மறுநாள் காலை போய்விடும். ஆனால் டைம்ஷீட்டில் இரண்டுமே உழைப்பாகத்தான் ஏறும்.